உருளும் சிறுவீடு: முன்பாரமும் பின்பாரமும்

முன்னுரை

தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டுப் பழைய அணைக்கட்டுகளில் கடைசியாக நிற்பது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஊர் வடகரையில் உள்ளது. திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதை தென்கரையில் உள்ளது. 1923 முதலே அப்பாதையில் இரயில் ஓடி வருகிறது. ஆயினும் எம் இளமைக் காலத்தில், காயல்பட்டினத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் என்றால், பாத்திரங்களும் படுக்கைகளும் பிள்ளைகளுமாகப் புறப்படும் பெருங்குடும்பத்திற்குக் கூண்டு வண்டியே ஏற்றதாக இருந்தது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிய கூண்டு. அதன்மேல் பாய் வேய்ந்த கூரை. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் விரித்த பத்தமடைப் பாய். இரவு உணவுக்குப் பின் ஆற்றைக் கடந்து புறப்பட்டால், ஆழ்வார்திருநகரி வருமுன்பே பிள்ளைகள் உறங்கிவிடுவோம்.

அப்பயணங்களில் நம் நினைவில் நின்றுவிட்ட குரல் ஒன்று உண்டு. "பிள்ளைகளா, எல்லாரும் கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க. பின்பாரமா இருக்கு. மாட்டுக்குக் கழுத்து இறுகுது" என்று வண்டிக்காரர் சொல்வார். நாங்கள் நகர்வோம். சிறிது தூரம் சென்றதும், "போதும், போதும், இப்ப முன்பாரமாப் போச்சு" என்பார். அது அவருடைய வழக்கமான முணுமுணுப்பு என்றே அன்று எண்ணினோம். அது ஓர் இயந்திரவியல் விதி என்பதை உணர எமக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது.

உணர்த்தியவர் எம் தமக்கையின் மகன். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய சிறு வீடு ஒன்றைத் தாமே கட்ட வேண்டும் என்பது அவர் ஆவல். முழங்கால் வலியால் வருந்தும் தாயாரைக் குற்றாலத்திற்கும் பாபநாசத்திற்கும் கன்னியாகுமரிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். விடுதி தேடி அலையக்கூடாது. சமையலும் உறக்கமும் சென்ற இடத்திலேயே நடைபெற வேண்டும். வரைபடத்தை விரித்து, "மாமா, பாருங்க. பின்பக்கம் அடுப்பும் தண்ணித் தொட்டியும். நடுவுல மெத்தை. உம்மா வழியெல்லாம் படுத்துக்கிட்டே வரலாம்" என்றார்.

அன்புடன் வரையப்பட்ட அப்படத்தில் உயிருக்கு ஊறு செய்யும் பிழைகள் இரண்டு இருந்தன. ஒன்று பின்பாரம், மற்றொன்று, ஓடும் வண்டிக்குள் தாயாரைப் படுக்க வைக்க எண்ணியது. இவ்விரண்டையும் விளக்கி, இத்தகைய சிறுவீட்டை எவ்வாறு கட்டுவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் உருளும் வீடு

வண்டியையே வீடாகக் கொள்ளும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, உப்பு விற்கும் உமணர்தம் வண்டியை விரிவாகக் காட்டுகிறது. அவ்வண்டிக்குப் புல் வேய்ந்த கூரை இருக்கிறது. கோழி தங்கும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்கவிடப்பட்டிருக்கிறது. வண்டியின் முன்புறத்தில் காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். சமையல் கருவியும், உணவும், உறைவிடமும், குடும்பமும் ஒரே அச்சின்மேல் செல்லும் காட்சி இது.

கனமான கலம் கட்டப்பட்டிருப்பது வண்டியின் முன்புறத்தில் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புலவர் இயந்திரவியல் கூற வரவில்லை, கண்டதைக் கூறினார். எனினும், வண்டியோடு வாழ்ந்தோர் எதனை எங்கே கட்ட வேண்டும் என்பதை அறிந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. அவ்வாறே, புறநானூற்றில் ஒளவையார் பாடல் ஒன்று, உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைக் குறிப்பிடுகிறது. மேடும் பள்ளமும் எதிர்ப்படுமோ என்று அஞ்சி, முன்கூட்டியே கொண்டு செல்லும் மாற்று அச்சு அது. இன்று நாம் 'ஸ்டெப்னி' என்று கொண்டு செல்லும் மாற்றுச் சக்கரத்தின் முன்னோடி அதுவே எனலாம்.

மேலைநாட்டில் இன்பப் பயணத்திற்கென்றே செய்யப்பட்ட முதல் வண்டிவீடு என்று போற்றப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885இல் கட்டுவித்த 'வாண்டரர்'. அதனைக் குதிரைகள் இழுத்தன. கார்கள் பெருகிய பின்னர், 1930களில் அமெரிக்க நாட்டில் நீர்த்துளி வடிவிலான சிறு இணைவண்டிகள் தோன்றின. முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, உள்ளே இருவர் படுக்கவும், பின்கதவைத் தூக்கினால் சமைக்கவும் இடம் தந்த அவ்வடிவத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டோர் பலர். எம் மருமகனார் வரைந்ததும் ஏறத்தாழ அதுவே.

தமிழகத்திலும் இத்துறையில் முயற்சி உண்டு. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, 2019இல் 'சோலோ 0.1' என்னும் நடமாடும் வீட்டை ஓர் ஆட்டோவின் மீது அமைத்தார். தரைப்பரப்பு 36 சதுர அடிதான். அதற்குள் படுக்கை, சமையலிடம், குளியலிடம் ஆகியவற்றை அடக்கினார். பழைய பொருள்கள் பலவற்றைப் பயன்படுத்தியதால் செலவு சுமார் ஓர் இலட்சம் ரூபாய்க்குள் அடங்கியது. பெரும் பொருட்செலவின்றியும் இது இயலும் என்பதற்கு அது சான்று.

எடை என்னும் முதற்கணக்கு

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் தரும் எச்சரிக்கை. வண்டிவீடு கட்டுவோர் பட்டறையில் எழுதி வைக்கத்தக்க கருத்து இது. ஏனெனில் இவ்வேலையில் எடை ஒரே நாளில் கூடுவதில்லை. சிறுகச் சிறுகக் கூடுகிறது.

எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஓர் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், 12 மில்லிமீட்டர் தடிப்பில் ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. அதையே 18 மில்லிமீட்டர் தடிப்பில் வாங்கினால் 30 கிலோவைத் தாண்டும். 'கனமாக இருந்தால் உறுதியாக இருக்கும்' என்று கருதி எட்டுப் பலகைகளைத் தடிப்பாக வாங்கினால், ஓர் ஆளின் எடைக்கு மேல் வீணாகக் கூடிவிடுகிறது. அடிச்சட்டத்திற்குரிய 50 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், 3 மில்லிமீட்டர் தடிப்பில், மீட்டருக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல். நீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இதில் சிக்கனம் செய்ய வழியே இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, இழுக்கும் காரின் கையேட்டைப் பார்ப்பதாகும். எவ்வளவு எடையை அது இழுக்கலாம், கொக்கியின்மேல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவை அதில் குறிக்கப்பட்டிருந்தால், அந்த எல்லைக்குள் வீட்டை வடிவமைக்க வேண்டும். குறிப்பிடப்படாத காராயின், அதனை இழுவைக்குப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கைவிடுவதே அறிவுடைமை. வீட்டைக் கட்டிவிட்டுக் காரைத் தேடுவது, பாரத்தை ஏற்றிவிட்டுக் காளையைத் தேடுவது போன்றது.

அச்சின் இடம்

இனி, வண்டிக்காரர் சொன்ன முன்பாரத்திற்கும் பின்பாரத்திற்கும் வருவோம். இரட்டைச் சக்கர வண்டி, அச்சின்மேல் நிற்கும் ஒரு தராசு. அச்சுக்கு முன்னே உள்ள எடை ஏர்க்காலைக் கீழே அழுத்துகிறது. பின்னே உள்ள எடை அதனை மேலே தூக்குகிறது. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளையின் பிடரியை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். கழுத்தைச் சுற்றிய பூட்டாங்கயிறு காளையை இறுக்கும். சிறிதளவு முன்பாரம் இருந்தால் காளை சீராக நடக்கும்.

காருக்குப் பின்னே பூட்டும் இணைவண்டிக்கும் இதே விதிதான். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. அது குறைந்தால், குறிப்பாக வேகம் கூடும்போதும் இறக்கத்தில் செல்லும்போதும், இணைவண்டி நாயின் வால் போல இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் தானே வளரும். முடிவில் காரையும் தன்னோடு இழுத்துச் சென்று கவிழ்த்துவிடக் கூடும்.

எம் மருமகனாரின் வரைபடத்தையே கணக்கிட்டுப் பார்த்தோம். கொக்கியிலிருந்து அச்சுக்கு 2.5 மீட்டர். வெறும் வண்டியின் எடை 400 கிலோ என்றும், அதன் எடைமையம் அச்சுக்கு முன்னே 30 சென்டிமீட்டரில் உள்ளது என்றும் கொள்வோம். 400ஐ 0.3ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 48 கிலோ. அதுவே கொக்கியின்மேல் இறங்கும் பாரம். மொத்தத்தில் 12 விழுக்காடு. நன்று.

இப்போது அச்சுக்குப் பின்னே 75 சென்டிமீட்டரில் 60 லிட்டர் நீரும், 20 கிலோ அடுப்பும் பாத்திரங்களும் வைக்கிறோம். 80ஐ 0.75ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 24 கிலோ. அந்த அளவுக்குக் கொக்கி மேலே தூக்கப்படுகிறது. எஞ்சுவது 24 கிலோ. 480 கிலோவில் இது 5 விழுக்காடு மட்டுமே. பார்வைக்கு வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பாதுகாப்பு பாதியாகிவிட்டது.

தீர்வும் கணக்கிலேயே இருக்கிறது. அடுப்பையும் பாத்திரங்களையும் பின்னே விட்டுவிட்டு, நீர்த்தொட்டியை மட்டும் தரையோடு தரையாக, அச்சுக்கு முன்னே 30 சென்டிமீட்டருக்கு நகர்த்தினோம். கொக்கியின் பாரம் 49 கிலோவாக உயர்ந்தது. இது பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். நீர் முழுதும் தீர்ந்த பின்பும் 420 கிலோவில் 42 கிலோ. சரியாகப் பத்து விழுக்காடு. பயணத்தின்போது குறைந்துகொண்டே வரும் பொருளை அச்சுக்கு அருகில் வைத்தால், அது குறையும்போது தராசு தடுமாறுவதில்லை. இதனால்தான் இத்தகைய வண்டிகளில் அச்சைப் பெட்டியின் நடுவில் வையாமல் சற்றுப் பின்தள்ளி வைக்கின்றனர்.

காளை சொன்னது, கார் சொல்லாதது

ஒரே விதி என்றாலும், பெரியதொரு வேறுபாடு இங்கே உண்டு. கூண்டு வண்டியில் பாரம் பிசகினால் காளை உடனே காட்டிவிடும். மூச்சு வாங்கும், கழுத்தை அசைக்கும், நடை தளரும். வண்டிக்காரர் அதைக் கண்டு எங்களை நகரச் செய்தார். வேகமும் மனித நடையளவே. பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது.

காரின் கொக்கிக்கு வாயில்லை. தெருவில் மெல்லச் செல்லும்போது எல்லாம் செம்மையாகவே தோன்றும். நாற்கரச் சாலையில், கங்கைகொண்டான் பக்கம் வேகம் எடுத்த பிறகே பிழை வெளிப்படும். அப்போது திருத்த நேரம் இராது. ஆகவே காளையின் கழுத்து சொன்னதை நாம் எடைப்பொறியிடம் கேட்டறிய வேண்டும். பொருள்கள் அனைத்தையும் ஏற்றியபின், எடைமேடையில் மொத்த எடையை அறிக. பிறகு சமதரையில் வண்டியை நிறுத்தி, காரில் பூட்டும் உயரத்திலேயே கொக்கி முனையை வைத்து, அதன் கீழே ஆள் எடை பார்க்கும் கருவியை வைத்து அப்பாரத்தை அறிக. பொருள்களை மாற்றி அடுக்கும் ஒவ்வொரு முறையும் இதனைச் செய்தல் வேண்டும். ஐந்து நிமிட வேலைதான்.

இவ்வளவுக்குப் பின்னும் வழியில் ஆட்டம் தொடங்கினால், பதறிப் பிரேக்கை அழுத்தலாகாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே குறைய விட வேண்டும். பின்னர் ஓரமாக நிறுத்திப் பாரத்தை மாற்றி அடுக்க வேண்டும்.

கட்டுமானம்

கட்டும் முறையைச் சுருங்கக் கூறுவோம். அடிச்சட்டம் இரும்பு, அதிலிருந்து முன்னோக்கி நீளும் இரு குழாய்கள் கூம்பாகச் சேரும் இடத்தில் கொக்கி. பற்றவைப்பை, அதாவது வெல்டிங்கை, கைதேர்ந்தவரிடமே விட வேண்டும். முழு வீட்டின் உயிரும் அந்தத் தையல்களில்தான் இருக்கிறது. கொக்கிக்குத் துணையாகக் காப்புச் சங்கிலிகள் இரண்டை அதன் கீழே குறுக்காகப் பூட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும்.

அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே பட்டை வில்கள் அமைய வேண்டும். வசதி படைத்தோர் வீட்டு வண்டியை 'வில்வண்டி' என்று நம் முன்னோர் அழைத்ததற்குக் காரணமே இந்த வில்கள்தாம். வண்டியின் எடைக்கு மிகக் கடினமான வில் இட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி துள்ளும், ஆணிகள் தளரும்.

சுவருக்கும் கூரைக்கும் மெல்லிய நீர்புகா ஒட்டுப்பலகை, உள்ளே மரச்சட்டம். உயரம் நான்கடி போதும். உள்ளே அமரலாம், படுக்கலாம், நிற்க வேண்டியதில்லை. தாழ்ந்த வண்டி காற்றுக்கு அஞ்சாது. நம் பகுதியின் வெயிலுக்கு வெண்ணிற மேற்பூச்சும், எதிரெதிராக இரு சாளரங்களும், அவற்றிற்குக் கொசுவலையும் இன்றியமையாதவை. தரைக்குக் கனத்த மெத்தை வேண்டா. பத்தமடைக் கோரைப்பாய் குளிர்ச்சியும் தரும், எடையும் குறைவு. முதியவரும் குழந்தையும் உள்ளே உறங்க, ஏனையோர் பக்கத்தில் விரிக்கும் கூடாரத்தில் உறங்கலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் குடில் அமைத்துத் தங்கும் வழக்கத்தை அறிந்த நெல்லைச் சீமையினருக்கு இது புதிதன்று.

உள்ளே ஒருவரும் இருத்தலாகாது

கூண்டு வண்டியில் நாங்களே பாரம், நாங்களே பயணிகள். அந்த நினைவுதான் எம் மருமகனாரையும் மயக்கியது. ஆனால் காரின் பின்னே ஓடும் பெட்டிக்குள் இருக்கைப் பட்டையும் இல்லை; மோதலைத் தாங்கும் கட்டமைப்பும் இல்லை; உள்ளிருப்பவர் கூப்பிட்டாலும் ஓட்டுநருக்குக் கேளாது. எனவே வண்டி ஓடும்போது அதனுள் யாரும் இருத்தல் கூடாது. தாயாரின் இடம் காரின் முன்னிருக்கை. முழங்கால் வலிக்கு மருந்து, மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துவது; நிறுத்தியபின் வேண்டுமானால் அரைமணி நேரம் உள்ளே படுத்து எழலாம்.

அடுப்பு பற்றியும் எச்சரிக்கை தேவை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆதலால் சிலிண்டரை உறங்கும் அறைக்குள் வைக்காமல், அடிப்பாகத்தில் துளையுள்ள தனிப் பேழையில் வெளிப்புறமாக வைக்க வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டலாகாது. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, உறங்குவோர் விழிப்பதில்லை.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் இணைவண்டியையும் ஒரு வாகனமாகவே கருதுகிறது. அதற்கும் பதிவு வேண்டும். பதிவெண் பலகை வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான முகாம் வண்டியையும் இணைவண்டியையும் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் வரிசையில் நடுவணரசு 2004இல் அறிவித்தது. ஆயினும், வீட்டில் கட்டிய எதையும் நினைத்தவுடன் சாலையில் இறக்கலாம் என்பது அதன் பொருளன்று. அமைப்பும் விளக்குகளும் விதிகளின்படி இருத்தல் வேண்டும். ஒப்புதலும் பெறுதல் வேண்டும். ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன்பே, வரைபடத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவது நலம். கட்டி முடித்தபின் மறுக்கப்பட்டால், உழைப்பும் பொருளும் வீட்டு முற்றத்தில் துருப்பிடித்து நிற்கும்.

முடிவுரை

இவ்வரிகளை எழுதும்போது எம் மருமகனாரின் வரைபடம் மூன்றாம் முறையாகத் திருத்தப்பட்டுள்ளது. அச்சு பின்னே நகர்ந்தது. நீர்த்தொட்டி முன்னே வந்தது. காப்புச் சங்கிலி சேர்ந்தது. மெத்தையின் மேல் 'உம்மா' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, காரின் முன்னிருக்கையில் அப்பெயரை எழுதியிருக்கிறார். பற்றவைப்பு இன்னும் தொடங்கவில்லை. அலுவலகத்தின் விடைக்காகக் காத்திருக்கிறார். காத்திருப்பது நன்று என்றே நாம் அவருக்குக் கூறியிருக்கிறோம்.

அன்றைய வண்டிக்காரர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆயினும் நிறைந்த ஒரு குடும்பத்தை இருளில் ஊர் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. அப்பொறுப்பு அவருக்குத் தராசின் விதியைக் கற்றுத் தந்தது. கூண்டு வண்டிகள் நம் சாலைகளிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றோடு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களும் நம் பிள்ளைகளின் வழக்கிலிருந்து நழுவி வருகின்றன. புதிய வண்டிகளைக் கட்ட விரும்பும் நம் இளைஞர்கள் அச்சொற்களையும் அவற்றின் பொருளையும் முதியோரிடம் கேட்டறிந்து கொள்வார்களாயின், அவர்கள் கட்டும் சிறுவீடுகள் குடும்பத்தைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்க்கும் என்பது எம் துணிபு.